பசியாறுவதற்குத் தமிழில் என்ன?

“நீ படிப்ப, அது பாத்தாலே தெரியுது. ஆனா உங்கம்மா மாதிரி உனக்குப் பேச வருமா? எனக்குச் சந்தேகம்தான் லா!” என்று ஜமீலா ஆன்ட்டி ஒருநாள் காலைப் பேருந்தில், முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் அவருடைய குரலுக்கு முன்னால் அவர் நெற்றியில் தடவியிருந்த கோடாலித் தைலத்தின் வாசனைதான் வருகிறது. அதன் பின்னால் ஈரக் குடைகளின் வாசனையும், யாரோ மடியில் வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் வாழையிலை வாசனையும் குளிரூட்டியின் குளிரில் கலந்து வருகின்றன. அப்போது நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே ஒரு பள்ளி இருந்தது. ஆனால் அப்பா இரவுக் காவல் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் அம்மா வேலைக்குக் கிளம்பியாக வேண்டும் என்பதால், அம்மா துப்புரவு வேலை பார்த்த நகரத்து அலுவலகக் கட்டடத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அதனால் நானும் அம்மாவும், அதே கட்டடத்தில் வேலை பார்த்த ஜமீலா ஆன்ட்டியும் இருட்டு விலகும் முன்பே ஒரே பேருந்தில் ஏறிவிடுவோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்ற ஒன்றை முழுமையாகப் பார்க்கப் போகிற முதல் ஆள் நான்தான் என்பது அந்தப் பேருந்தில் எல்லாருக்கும் தெரியும், அம்மா சொல்லியிருப்பார். தெரியாதவர்களுக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேசத் தெரியும். காலையில் தமிழ் வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் அங்கம் ஒன்று வரும். வேலைக்குப் போகும் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்பார். நாள் தவறினாலும் வாரம் தவறாமல் அம்மா பேருந்தில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் அழைத்துவிடுவார். “ஈசூன் செல்வி அக்கா வந்துட்டாங்க!” என்று அறிவிப்பாளர் சொன்னதும், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதே வானொலியைக் கேட்கும் ஜமீலா ஆன்ட்டி எங்கள் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். 

அம்மா சொன்னவற்றில் சில இன்னும் நினைவிருக்கிறது. கடும் வாசனை வீசும் டுரியான் பழத்தோடு வந்த ஒருவரை ஓட்டுநர் ஏற்ற மறுத்ததை அம்மா இப்படிச் சொன்னார்: “அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? நிறுத்தத்துலயே ஒக்காந்து ஒடைச்சு, அங்க நின்ன எங்க எல்லாருக்கும் பசியாறக் குடுத்துட்டாரு. இப்ப அடுத்த பஸ்ஸுக்குள்ள பழம் இல்ல, ஆனா எங்க எல்லாரு வாயிலயும் வாசனை. ஓட்டுநரு எங்கள எறக்கியா விட முடியும்?” ஓடும் பேருந்தில் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி, “ஒவ்வொரு சிக்னலுக்கும் அந்தப் புள்ள சாமி கும்பிடுது, பிரேக் போட்டுறாதேன்னு” என்றார். அறிவிப்பாளர் சிரித்துச் சிரித்து அடுத்த பாடலின் பெயரையே மறந்துவிடுவார். 

அந்த ஆண்டு என் தமிழாசிரியை என் கட்டுரையில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ‘காலையில் அனைவரும் பசியாறினோம்’ என்று எழுதியிருந்தேன். இது பேச்சுவழக்கு, ‘காலை உணவு உண்டோம்’ என்று எழுத வேண்டும் என்றார். இந்த ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் ‘பசியாறிட்டீங்களா?’ என்றுதான் கேட்போம். அது நல்ல தமிழ்தான் என்பதை வெகுநாள் கழித்து நானே அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று எனக்கு ஆசிரியையின் சிவப்பு மைதான் தமிழ். வகுப்பில் தமிழில் முதலாவதாக வருபவள் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்து திருத்தத் தொடங்கினேன். “கேக்குது இல்லம்மா, கேட்கிறது.” “வந்துட்டேன் இல்ல, வந்துவிட்டேன்.” அம்மா எரிச்சல்படவே இல்லை. மாவு பிசைந்துகொண்டே, “கேட்கிறது, கேட்கிறது” என்று சொல்லிப் பார்ப்பார். மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த எதையும் அவர் கீழே போட்டதில்லை.

ஒருநாள் காலை அம்மா வழக்கம்போல வானொலிக்கு அழைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “ரேடியோவுல எல்லாரும் கேப்பாங்க, நல்ல தமிழ்ல பேசும்மா” என்று சொல்லி வைத்திருந்தேன். “வணக்கம். நான் ஈசூனிலிருந்து செல்வி பேசுகிறேன்” என்று அம்மா தொடங்கினார். அறிவிப்பாளர், “என்னக்கா, இன்னிக்கு அமைச்சர் மாதிரி ஆரம்பிக்கிறீங்க! சரி, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். 

அம்மா தொலைபேசியைக் காதிலிருந்து சற்றே விலக்கி, என் பக்கம் குனிந்து, “பசியாறுறதுக்குத் தமிழ்ல என்னடி?” என்று கேட்டார்.

ரகசியமாகக் கேட்டதாகத்தான் அவர் நினைத்தார். ஜமீலா ஆன்ட்டி காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோதுதான் அது ஒலிபரப்பாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. அறிவிப்பாளரும் சிரித்தார், அன்பான சிரிப்புதான். “அக்கா, அதுதான் தமிழ்!” என்று சொல்லிவிட்டுப் பாடலைப் போட்டார். அன்று கட்டடத்தில் துடைப்பக்கட்டை அறை வரைக்கும் செய்தி பரவியிருந்தது. “செல்வி, மாப்புக்குத் தமிழ்ல என்னடி?” “லிஃப்ட்டுக்குத் தமிழ்ல என்னடி?” என்று ஆள் மாற்றி ஆள் கேட்டதை அம்மாவே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அம்மா வானொலிக்கு அழைக்கவில்லை. கோபமில்லை, வருத்தமென்றும் சொல்லவில்லை. அந்த அங்கம் வரும் நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜமீலா ஆன்ட்டி ஒருமுறை, “என்ன புள்ள, செல்விய ஊமையாக்கிட்டியா?” என்று என்னிடம் கேலியாகக் கேட்டார். அம்மாவே குறுக்கிட்டு, “இனி எங்க வீட்டுல அவதான் பேசுவா. அவளுக்குத்தான் ஒழுங்காப் பேச வரும்” என்றார். பெருமையோடுதான் சொன்னார். அந்தப் பெருமையை நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் நான் எங்கள் வீட்டின் வாயானேன். மருந்தகத்தில், நகர மன்ற அலுவலகத்தில், அம்மாவின் மேற்பார்வையாளரிடம் விடுப்புக் கேட்கும்போது என எல்லா இடங்களிலும் நான் பேசினேன். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினார். “பொண்ணு எப்படிப் பேசுது!” என்று தேக்கா சந்தையில் மீன்காரர்கூடச் சொல்வார். நான் பேசிப் பேசியே வளர்ந்தேன், ஊடகத் துறையில் படித்தேன், இன்று ஒலி நிகழ்ச்சிகள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் வாயிலிருந்து இயல்பான பேச்சை வரவைப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்மா பேச்சை விட்டதற்காக இதுவரை யாரும் என்னை உண்மையாகக் குறைசொன்னதில்லை. குறைசொல்லியிருந்தால் எதிர்வாதம் செய்திருப்பேன். வாதம் செய்ய எனக்கு நன்றாக வரும். யாரும் சொல்லாததால்தான் அந்தக் குறை என்னோடேயே இருக்கிறது.

முழங்கால் வலி காரணமாக அம்மா இந்த மாதத்தோடு வேலையை விடுகிறார். அந்தக் காலைப் பேருந்திலும் அதன்பின் ஏற மாட்டார். எங்கள் நிறுவனத்தில் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றி ஒரு தொடர் தொடங்கியபோது, இத்தனை வருடம் அம்மா அந்தச் சன்னலோரத்தில் பார்த்ததையெல்லாம் இப்போது பதிவு செய்யாவிட்டால் எப்போதுமே முடியாது என்று தோன்றியது. சமையலறை மேசையில் ஒலிவாங்கியை வைத்து அவரெதிரே உட்கார்ந்தேன். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “நான் நாள்தோறும் அதிகாலையில் எழுந்து பணிக்குச் செல்கிறேன். பேருந்தில் பலதரப்பட்ட மக்களைக் காண்கிறேன்” என்றார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார்.

“அம்மா, சும்மா பேசு. எப்பவும் பேசுற மாதிரி.”

“இதுதானே எப்பவும் பேசுற மாதிரி? நீ எழுதிக் குடுத்துடு, நான் மனப்பாடம் பண்ணிச் சொல்லிடறேன்.”

நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டேன். எந்த ஒலிவாங்கியை எங்கே வைத்தாலும், நான் எதிரே இருக்கும்வரை அம்மாவுக்குச் சிவப்பு மை தெரிந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காலை அங்கம் இப்போது இல்லை. நேயர்கள் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், அறிவிப்பாளர் ஒரு வரியை வாசித்துவிட்டுக் கடந்துபோகிறார். பேருந்தில் ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு காதொலிப்பான். யாரோ ஒருவர் பேசியதற்காக முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைவரை சிரித்த சத்தத்தை நான் கேட்டுப் பல வருடங்களாகின்றன. ஜமீலா ஆன்ட்டி முன்பே வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

என்னோடு வேலை செய்யும் நிஷா கிளமெண்டியில் பிறந்து வளர்ந்தவள். பாதி ஆங்கிலத்தில் தொடங்கி மீதியைத் தமிழில் முடிப்பவள், எந்தச் சொல் எங்கே விழுந்தாலும் கவலைப்படாதவள். அவளிடம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தேன். இன்று விடியுமுன் டாக்சி பிடித்து ஈசூனுக்கு வந்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் அம்மாவிடம், “ஆன்ட்டி, என் தமிழ் ரொம்ப ரோஜாக் லா, எல்லாம் கலந்துதான் வரும். தப்பாப் பேசினா சிரிக்கக் கூடாது” என்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மொதல்ல நீ பசியாறுனியா?” என்று கேட்டார். 

பேருந்து வந்தது. இருவரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. அம்மா சன்னலுக்கு உள்ளிருந்து கையசைத்து, ஏறு, ஏறு என்றார். நான் தலையாட்டி மறுத்தேன். பேருந்து நகர்ந்த பிறகு பெருவிரைவு ரயில் நிலையம் நோக்கி நடந்தேன்.

ரயிலில் ஏறியதும் நிஷாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அம்மா பேசியதை எனக்குப் போட்டுக் காட்ட வேண்டாம், எதை வைப்பது எதை எடுப்பது என்பதை நீயே முடிவு செய் என்று எழுதினேன். அந்தப் பகுதியின் தயாரிப்பாளர் என்ற இடத்திலிருந்து என் பெயரை நேற்றே எடுத்துவிட்டேன். மற்ற நேயர்களைப் போல நானும் அதை ஒலிபரப்பாகும் அன்றுதான் கேட்பேன்.