குளியலறையில் தொங்கிய பெட்ரோல் டேங்க்

குறை கண்டுபிடிப்பவர்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. அதற்கென்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் குறைவு. தவசிமுத்து அந்தச் சிலரில் ஒருவர். இராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற சாலையில், ஆஸ்பத்திரிகளுக்குக் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவு அவர் பொறுப்பு. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசைமேல் துணி நகர்ந்து போகும். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். காயத்தில் வைக்கிற துணி என்பதால் பிரிந்த நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெட்டிய ஓரம் உள்ளே மடிந்திருக்க வேண்டும். ஓரம் வெளியே எட்டிப் பார்த்தால் அந்தத் துண்டு ரிஜெக்ட் பையில் விழும். அவர் பார்த்து அனுப்பிய சரக்கு எந்த ஊரிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. இதை அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் யாராவது சொன்னால் தடுக்கவும் மாட்டார்.

அவர் மனைவி மாரீஸ்வரி அங்கன்வாடி டீச்சர். மூக்கொழுகும் பிள்ளைகள், சிந்திய முட்டை, கால் உடைந்த மரக்குதிரை என்று அவர் பொழுது போகும். குறை இல்லாத பொருள் ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த இருவரும் இத்தனை வருடம் ஒரே வண்டியில் போய் வந்ததுதான் ஆச்சரியம். அங்கன்வாடி தவசிமுத்துவின் கம்பெனிக்குப் போகும் வழியில் இருந்தது. அந்தப் பாதையில் டவுன் பஸ் காலையில் ஒன்று வரும், சில நாள் அதுவும் வராது.

வண்டி, கல்யாணத்தில் மாரீஸ்வரியின் அப்பா சீராகக் கொடுத்தது. கறுப்பு நிற நூறு சிசி பைக். எஞ்சின் இன்னும் ஒழுங்காக ஓடியது. மேலே உள்ள பெயிண்ட்தான் போய்விட்டது. முழங்கால் உரசும் இடத்தில் டேங்க்கின் தகரம் தெரிந்தது, இடப்பக்கம் ஓர் ஆட்டோக்காரர் விட்டுச்சென்ற பள்ளம் ஒன்று இருந்தது. யாருக்கும் அது ஒரு விஷயமாக இல்லை. கூமாப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனபோதுதான் மாரீஸ்வரியின் பெரியப்பா மகன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, எங்க சித்தப்பா குடுத்த வண்டிய இப்படித்தான் வச்சிருக்கீகளா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தவசிமுத்துவும் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டார். ஆனால் திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவிலில் வண்டியை நிறுத்தி, டேங்க்கின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். தன் வாழ்நாளில் முதன்முறையாக வேறொருவர் குறை சொல்ல அவர் நின்று கேட்டிருக்கிறார்.

பெயிண்டர்களைத் தேடிப் போனார். இராஜபாளையத்தில் ஒருவரின் வேலையில் பெயிண்ட் வழிந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் அடித்த மட்கார்டு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. இன்னொருவர், இவர் வண்டிகளை டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கண்டு, தனக்கு இப்போது நிறைய வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். ஆக, ஊரில் குறையில்லாமல் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம் என்ற முடிவுக்கு வந்தார். அவர் அதுவரை பெயிண்ட் பிரஷ்ஷைக்கூடத் தொட்டதில்லை என்பது அந்த முடிவைப் பாதிக்கவில்லை.

"ரெண்டே ஞாயித்துக்கெழம" என்றார் மாரீஸ்வரியிடம். அது சித்திரை மாதம்.

நிறத்தைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. மாரீஸ்வரிக்கு மயில்நீலம் வேண்டும். ஆர்.சி.யில் கறுப்பு என்று இருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும் என்றார் தவசிமுத்து. எனவே கறுப்பு. டேங்க், சைடு பேனல்கள், மட்கார்டு எல்லாம் கழன்றன. வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்துப் பழைய பெயிண்டை எடுத்தார். பள்ளத்தில் பட்டி பூசிச் சமம் செய்தார். பிரைமர் அடித்தார். இதுவரை செய்ததில் உண்மையாகவே குறை சொல்ல எதுவும் இல்லை.

கறுப்பு ஸ்ப்ரே அடிக்கத் தூசியில்லாத இடம் வேண்டும். வீட்டில் அப்படி ஒன்று குளியலறைதான். தரையிலும் சுவரிலும் தண்ணீர் ஊற்றிவிட்டால் தூசி எழும்பாது. கம்பெனி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, குழாய்க்கு மேலே ஒரு கொக்கி அடித்து டேங்க்கைத் தொங்கவிட்டார்.

"குளிக்கணும்" என்றார் மாரீஸ்வரி கதவுக்கு வெளியே.

"செத்த நேரம் பொறு. காயிது."

"டேங்கு குளிச்சு முடிச்சதும் ஒரு சத்தம் குடுங்க. அதுவர நா எதுத்த வீட்டுல குளிச்சிக்கிறேன்."

மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தார். பளபளத்த கறுப்பின் நடுவில், கண் இமை முடி போல ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. இன்னொருவராக இருந்தால் டார்ச்சை அணைத்திருப்பார். இவர் வாட்டர் பேப்பரை எடுத்தார். தேய்த்தார், அடுத்த ஞாயிறு மறுபடி அடித்தார். இப்போது இரண்டு நூல்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். முதல் குற்றவாளி வென்டிலேட்டர். அதைப் பாலித்தீன் வைத்து அடைத்தார். பிறகு, பக்கத்து மாடியில் மெத்தை உதறுகிறவர்கள். பிறகு, மில் ஊர்க் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது என்ற பொதுவான கருத்து. ஆடி பிறந்ததும் மலைப்பக்கமிருந்து காற்று வீச ஆரம்பித்தது. கொடியில் போட்ட துணி அடுத்த தெருவில் போய்க் காய்ந்தது. நல்ல வசதியாகப் போயிற்று, பழியெல்லாம் காற்றின்மேல் விழுந்தது.

மாரீஸ்வரி ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொன்னார். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னால் தின்னரில் நனைத்துத் துடைக்கத் தவசிமுத்து கம்பெனியிலிருந்து காஸ் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒரு பை நிறைய இருந்தது.

"நீங்க தொடைக்கிற துணிலருந்துதான் வருது."

"ஏட்டி, அது எங்க கம்பெனித் துணி. நா பாத்த துணி."

பேச்சு அத்தோடு முடிந்தது. கம்பெனியில் எந்தத் துணியையும் நம்பாதவர், வீட்டில் அந்த ஒரு துணியை மட்டும் நம்பினார்.

வண்டியின் மிச்சம் வாசலில் சாக்குப் போர்த்தி நின்றது. மாரீஸ்வரி கையில் அங்கன்வாடிப் பருப்புப் பையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். பஸ் வராத நாளில் ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடந்தார். ஆடிப்பூரம் நெருங்கியது. கல்யாணமான வருடத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு இருவரும் அந்த வண்டியில்தான் போவார்கள். ஒரு சாயங்காலம் தவசிமுத்து வீடு திரும்பியபோது சாக்கு விலகிக் கிடந்தது. முன்னால் காலுக்குக் காவலாக இருந்த கம்பி, லெக் கார்டைக் காணோம்.

"பாய் கடைக்குப் போயிருச்சு" என்றார் மாரீஸ்வரி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "தேருக்கு வண்டி ஓடி வந்தா வண்டி. இல்லன்னா மறுநா காலைல பாய் தராசோட வாராரு. எங்க அப்பா குடுத்தது, எடைக்குப் போடவும் எனக்கு உரிமை இருக்கு."

பிச்சை முகம்மது பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். தவசிமுத்துவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். அவரிடமே நேரில் கேட்கப் போனார்.

"ஏம்ல, அவ சொன்னா நீயும் எடுத்துருவியா?"

"எடுக்காம என்ன செய்ய, மாப்ள? தங்கச்சி ரோட்டுல நடந்து போறதத் தெனமும் கடைல இருந்து பாக்கேன். ஒன்ன நா ஒரு நாளும் நடந்து பாக்கல."

"நா கம்பெனி வேன்ல போறேன்."

"அதத்தான் சொல்லுதேன்."

தவசிமுத்து கடைக்குள் எட்டிப் பார்த்தார். லெக் கார்டு கடையில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார். தென்படவில்லை. பாய் அதை விற்றுவிட்டார் என்றுதான் நினைத்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம், வெறும் இரும்பாகத் தராசில் ஏறப்போகும் வண்டியை நினைத்துக்கொண்டே வந்தார். குறையோடு இருந்த வண்டி ஓடியது. குறையைப் போக்கப் போய் இப்போது வண்டியே இல்லாமல் போகப்போகிறது. இந்தக் கணக்கு அவருக்கும் புரிந்தது. ஆனாலும் நூலோடு விட மனம் வரவில்லை.

தேருக்கு முந்தைய சனிக்கிழமை, அங்கன்வாடியில் ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டது. முதலுதவிப் பெட்டியில் துணி தீர்ந்திருந்தது. மாரீஸ்வரி வீட்டுக்கு வந்ததும் தவசிமுத்துவின் பையைத் திறந்து நாலைந்து காஸ் துண்டுகளை எடுத்தார். திங்கட்கிழமை பெட்டியில் வைக்கலாம் என்று.

"அத எடுக்காத" என்றார் தவசிமுத்து, டேங்க்கைத் தேய்த்தபடி, திரும்பிப் பார்க்காமலே.

"ஏன்?"

"அது ரிஜெக்ட்டு. ஓரம் மடியாதது. நூல் பிரிஞ்சு புண்ணுல ஒட்டிக்கிடும். நாந்தான கழிச்சுப் போட்டேன்."

வாட்டர் பேப்பர் தேயும் சத்தம் நின்றது.

கம்பெனி நல்ல துணியை வீட்டுக்குக் கொடுக்காது. கொடுப்பது கழிவைத்தான். நூல் பிரியும் என்று தன் கையால் ஒதுக்கிய துண்டுகளை, தன் கையாலேயே பையில் கட்டி எடுத்து வந்து, சித்திரையிலிருந்து அதை வைத்தே துடைத்திருக்கிறார். வாங்குகிறவர்களுக்கு ஆகாதது தன் வீட்டுக்கு ஆகும் என்று அந்த ஊரில் எல்லாருமே நினைப்பதுதான். மில்லில் வேலை செய்கிறவர் வீட்டில் தலையணைகூடக் கழிவுப் பஞ்சாகத்தான் இருக்கும். அதனால் அவருக்கு அது தோன்றவே இல்லை.

மாரீஸ்வரி கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார், பிறகு டேங்க்கைப் பார்த்தார்.

"புண்ணுல ஒட்டும். பெயிண்டுல ஒட்டாது. சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போன வேகத்திலேயே ஒரு பழைய பாலியஸ்டர் சேலையோடு திரும்பி வந்து அதை வாசற்படியில் வைத்தார். "இதுல நூலே பிரியாது. கட்டுனாத்தான் ஒடம்பெல்லாம் எரியும், அதான் நா இதக் கட்டவே மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து முதலில் தலைக்குக் குளித்தார். தன் தலைமுடியிலும் கம்பெனிப் பஞ்சு இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சேலைத் துண்டால் துடைத்தார். கறுப்பு அடித்தார், காயவிட்டார், கடைசியில் மேலே பளபளப்புக்காக நிறமில்லாத கிளியர் அடித்தார். மறுநாள் சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நூல் இல்லை. ஒரு நூல்கூட இல்லை. மேலிருந்து கீழாக ஒளியை நகர்த்திக்கொண்டே வந்தவர், பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் நின்றார்.

ஒரு கொசு. கால்களை விரித்து, கிளியருக்குள் முழுசாக அமிழ்ந்திருந்தது. தூசிக்காக ஊற்றிய தண்ணீருக்கு வந்த கொசு.

வாட்டர் பேப்பர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தேய்த்தால் கறுப்பும் போகும். மறுபடி அடித்து, காய்ந்து, வண்டியில் மாட்டி முடிப்பதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும். அவர் அதை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, நூலா?" என்றார் மாரீஸ்வரி கதவருகில் வந்து.

தவசிமுத்து டார்ச்சை அணைத்தார்.

"ஒண்ணுமில்ல. மாட்டிரலாம்."

குறையைப் பார்த்துவிட்டு அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்பே போலீஸ்காரர்கள் வண்டிகளை ஒரு மைதானத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஸ்டாண்டு போட்டிருந்தவர் சாக்பீஸோடு வந்து, டோக்கன் நம்பரை எழுத நேராக டேங்க்கை நோக்கிக் குனிந்தார்.

"சீட்டுல எழுதுப்பா" என்றார் தவசிமுத்து.

"சீட்டுல எழுதுனா நீங்களே ஒக்காந்து அழிச்சிருவீக அண்ணாச்சி. பொறவு என் வண்டி எதுன்னு எங்கிட்ட வந்து நிப்பீக."

"எழுதட்டும் விடுங்க. புது வண்டின்னு நெனச்சுட்டா ஆளு தூக்கிட்டுப் போயிருவான்" என்றார் மாரீஸ்வரி.

சாக்பீஸ் கிறீச்சிட்டது. தவசிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேர் பார்த்து, வெயிலில் கசங்கித் திரும்பி வந்ததும் மாரீஸ்வரி முந்தானையால் நம்பரைத் துடைத்தார். துடைத்த கை பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் நின்றது.

"இங்ஙன ஒரு கொசு கெடக்கு."

"தெரியும்."

"எப்பப் பாத்தீக?"

"அன்னைக்கே."

மாரீஸ்வரி பின்னால் ஏறி உட்கார்ந்தார். காற்று எதிரே வீசியது. ஊர் எல்லை வந்ததும் அவர் தோளைத் தட்டினார்.

"பாய் கடைல செத்த நிறுத்துங்க. லெக் கார்ட எடுத்துக்கிடுவோம்."

"இன்னும் விக்கலயா?"

"நாந்தான் உள்ள வச்சிருக்கச் சொன்னேன்."

பிச்சை முகம்மது அதைத் தாள் சுற்றி எடுத்துவந்தார். தவசிமுத்து தாளைப் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அடிப்பக்கம் துரு புடிச்சிருக்கு."

"இருக்கட்டும்" என்றார் மாரீஸ்வரி. "மாட்டுங்க. வீட்டுக்குப் போயி நா நம்ம வீட்டுலயே குளிக்கணும்."