கையில் செருப்போடு வந்தவர்

யுத்த காலத்து அரிசித் தட்டுப்பாட்டில், அரியலூரில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கஞ்சித்தொட்டி மூடும் நிலைக்கு வந்துவிட்டது. பெரம்பலூரிலிருந்து சைக்கிளிலும் நடந்தும் கிளம்புகிறவர்கள், ஒருவர் குறையாமல் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தால் பத்து மூட்டை அரிசி தருவதாக அரியலூர் அரிசி மண்டிக்காரர் சவால் விட்டிருந்தார். கஞ்சித்தொட்டிக்காகக் கிளம்பிய எங்களால் முடியாது என்பது அவர் நினைப்பு.

நான் சைக்கிள் கூட்டத்தில் இருந்தேன். நடக்க வந்தவர்களில் வரதராசன்பேட்டை டீச்சர் ஒருவர். குட்டையான, கனத்த உடம்பு. செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ரோட்டுல போட்டா தேஞ்சிடும்ங்க. டவுன் வந்ததும் போட்டுக்குவேன்."

குன்னம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவில்லை. சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு விழித்தோம். திரும்பிவிடலாம் என்றார்கள் சிலர். அதற்குள், எங்களுக்கு முன்பே விடியுமுன் கிளம்பி வழியில் பின்தங்கியிருந்த நடைக்காரர்கள் எங்களைப் பிடித்துவிட்டார்கள்.

"சைக்கிளுக்கு நல்ல சவாரிதான்! எறக்குங்க கீழ" என்று சிரித்த டீச்சர், செருப்பு நுனியால் மண்ணைச் சுரண்டித் தள்ளினார். வழியெல்லாம் சுரண்டினார்.

அரியலூரை எட்டியபோது வெயில் மிச்சமிருந்தது. மண்டி வாசலுக்கு முதல் ஆளாக ஓடியவர் அவர்தான்.

"அத்தன பேரும் வந்துட்டோம்ங்க! அரிசிய எடுங்க!" என்று கையை ஓங்கினார். அந்தக் கையில் இரண்டு செருப்பும் இருந்தன.

மண்டிக்காரர் துள்ளிப் பின்வாங்கினார். "எடுக்கறேம்மா, எடுக்கறேன்! மொதல்ல அத கீழ போடும்மா!"

தெருவே சிரித்தது. பத்து மூட்டையும் வண்டியேறின.

டவுன் வந்ததும் போட்டுக்கொள்வேன் என்றவர், ஏன் போட்டுக்கொள்ளவில்லை? மறந்துதான் போனாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.