கசப்பு பத்தலையாம்

சட்டைக் கம்பெனியில் தையல் பிசகு பார்ப்பதுதான் அவருக்கு வேலை. நொட்டை சொல்லச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அது. ஓய்வு பெற்ற பிறகு அதை வீட்டில் இலவசமாகவே செய்து வந்தார். தெருவில் அவருக்குக் 'கசப்பு' என்று பேர். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பேருக்குக் காரணம் காசினிக்கீரை. பின்சுவர் வெடிப்பில் தானாக முளைத்த செடியில் ஓர் இலையைக் கிள்ளி மென்றவர், இதுவல்லவோ கீரை என்று சொக்கிப்போனார். விதை வாங்கித் தொட்டிகளிலும் போட்டார். நாக்கு சுருண்டுபோகும் அந்தக் கீரையை வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை. "கசக்கிறதுதான் உடம்புக்கு நல்லது. உண்மையும் அப்படித்தான்" என்பார். அந்த உண்மையைத்தான், தங்கை தையல் கடை திறந்த அன்று வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இது ஆறு மாசம் தாங்காது." கடை தாங்கியது. தங்கைதான் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். மனைவி கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சாப்பிட வரச் சம்மதிக்க வைத்தபோது மனிதருக்குக் கண் கலங்கியே விட்டது. "அன்னைக்கு நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தார்.

அந்த வாயை நம்பாத மனைவி, கீரையையாவது சரிசெய்வோம் என்று இறங்கினாள். வெயில் படாமல் மூடி வைத்தால் காசினி வெளுத்துக் கசப்பு அடங்கும் என்று கீரைக்காரி சொல்லியிருந்தாள். மனைவி தொட்டிச் செடிகள்மேல் பக்கெட்டுகளைக் கவிழ்த்தாள்.

"என்ன இது?"

"பூனை பிராண்டுதுங்க."

ஊசித்துளை அளவு பிசகையும் விடாதவர் அதை அப்படியே நம்பினார்.

தங்கை வந்தாள். வதக்கிய கீரையைச் சாப்பிட்டாள். தட்டை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டாள். "அண்ணா, நீ வளத்ததா? ரொம்ப நல்லா இருக்கு."

"ஆமாம்மா" என்றிருந்தால் போதும், உறவு ஒட்டியிருக்கும். ஆனால் அவர் அப்போதுதான் ஒரு வாய் எடுத்து வைத்திருந்தார்.

"கசப்பே இல்லையே! இதெல்லாம் ஒரு கீரையா? வெளுத்துப்போய், சாரமே இல்லாம... உன் கடையில தைக்கிற துணி மாதிரி!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை என்று ஒரு சாக்கு உண்டு.

தங்கை எழுந்து கை கழுவினாள். "அண்ணி, மிச்சக் கீரைய டப்பால போட்டுக் குடுங்க. அண்ணனுக்குத்தான் கசப்பு பத்தலையாமே. இனி நீங்க என்னப் பாக்கணும்னா கடைக்கு வாங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்ற மனைவி, நேராகப் பின்சுவருக்குப் போனாள். மூடாமல் விட்டிருந்த அந்தக் காட்டுச் செடியைப் பிடுங்கி, மண்ணை அலசி, அவர் தட்டில் போட்டாள்.

"செடிக்குப் பக்கெட் கவுத்தேன். உங்க வாய்க்குக் கவுக்க அளவா ஒண்ணு கெடைக்கல. சாப்பிடுங்க, இது அசல்."

அவர் மென்றார். கசந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.