காளீஸ்வரனின் திங்கட்கிழமைகள்

முருகலட்சுமிக்குப் புருஷன்மேல் சந்தேகம் வந்தது ஒரு சட்டைப் பொத்தானால். காளீஸ்வரனின் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, போன வாரம் அறுந்து விழுந்த பொத்தான் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷன் அவர்.

அவள் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். அன்றிலிருந்து மழை, வெள்ளாமை, ஆட்டுக்குத் தீவனம் என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. மகள் பிரவீணா தறி ஓட்டும் அருண்பாண்டியனை விரும்பிக் கட்டிக்கொண்டு போனபோது மட்டும் தெருவே கேட்கக் கத்தினார்: "எனக்கு மகளே இல்ல. அவ பேர இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது!"

திங்கட்கிழமையானால், "உரக்கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கிளம்புவார். வெறுங்கையோடு திரும்புவார். பசியில்லை என்பார்.

அடுத்த திங்கள் அவர் பின்வாசலில் பஸ் ஏற, அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்வாசலில் ஏறினாள். டவுனில் இறங்கியவர் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். அவளுக்கென்று ஒருநாளும் பூ வாங்கியவரில்லை.

தறிச் சத்தம் கேட்ட ஒரு சந்து வீட்டுக்குள் அவர் நுழைந்தார். சற்றுப் பொறுத்து அவள் கதவைத் தள்ளினாள்.

அவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் பிரவீணா.

"எத்தன நாளா?" என்றாள் முருகலட்சுமி.

"ரெண்டு வருஷமா." அவர் தலை நிமிரவில்லை. "ஊருக்கு முன்னால சொல்லிட்டேன். எப்படி மாத்துறதுன்னு தெரியல."

அவள் மகளை அடுப்படிக்கு இழுத்துப்போய், கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவன் அடிக்கிறானா? ஆசப்பட்டுக் கட்டுனவன்னு மூடி மறைக்காத."

"சண்ட போடுவோம். அன்னைக்கே பேசிருவோம்." பிரவீணா கையை விடுவித்துக்கொண்டாள். "அப்பா உன்னய நல்லா வச்சிருக்காகளாம்மா?"

அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் மகளை நினைத்து அவள் அழுததையெல்லாம் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"தெரியலடி" என்றாள்.

இப்போது திங்கட்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். போனதும் முதல் வேலையாக மகளின் கைகளைத்தான் பார்க்கிறாள். ஒருநாள் பஸ்ஸில் அவரிடமும் கேட்டுவிட்டாள்.

"வேற எதையும் மறைச்சிருக்கீகளா?"

"இல்ல" என்றார், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அதைச் சொல்ல அவர் கொஞ்சம் யோசித்த மாதிரி அவளுக்குப் பட்டது.