தைத்து மூடிய பாக்கெட்டுகள்

என் அண்ணன் மூன்று முறை திருடினான். அதை நான் யார் முன்னாலும் மறைத்ததில்லை. முதலில் ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு தண்ணீர் மோட்டார், கடைசியாக ஒரு சுருள் செம்புக் கம்பி. கம்பிக்கு மட்டும் என்றால் ஆறு மாதத்தோடு போயிருக்கும். மூன்றாவது முறை என்பதால், திரும்பத் திரும்பத் திருடுகிறவர்களுக்கான சட்டத்தில் இருபது வருஷம் போட்டார்கள். பதினாறு வருஷம் கழித்து ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். வேலையில் இருக்க வேண்டும். வேலை போனால் முப்பது நாளுக்குள் இன்னொன்று தேட வேண்டும், இல்லையென்றால் மீதி நாலு வருஷமும் உள்ளேதான்.

வந்த அன்றே தன் பேண்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான்.

"பாக்கெட்டையெல்லாம் தச்சு மூடிடு. ஏதாவது காணாமப் போனா முதல்ல என்னத்தான் பார்ப்பாங்க."

பெரிய மேதாவி என்று கிண்டல் செய்துகொண்டே நாலு பேண்டையும் தைத்தேன். கடைக்குப் போனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பான்.

நான் இஸ்திரி போடும் சலவைக்கடையிலேயே, முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனைச் சேர்த்துவிட்டேன். துணியை மிஷினில் போடுவது அவன் வேலை. அதற்கு முன் பாக்கெட்டுகளைத் துழாவிப் பார்க்க வேண்டும். அதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டான். அடுத்தவர் பாக்கெட்டில் கைவிட மாட்டானாம். முதலாளிக்குத் தெரியாமல் எட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுநாள் கடைக்குப் போனபோது ஒரு பெண் பதறிக்கொண்டு நின்றாள். சலவைக்குப் போட்ட கோட்டில் மகளின் காது மிஷினை மறந்து வைத்துவிட்டாளாம். ஏழு வயதுப் பிள்ளை, அது இல்லாமல் ஒன்றும் காதில் விழாது. அப்படி எதுவும் வரவில்லை என்று முதலாளி அடித்துச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தலையாட்டினேன்.

"இருந்துச்சும்மா," என்றான் அண்ணன். "பாக்கெட்டுக்கு வெளியிலேர்ந்தே கையில தட்டுப்பட்டுச்சு. உள்ள கைவிட பயந்துக்கிட்டு அப்படியே மிஷின்ல போட்டுட்டேன். நான் திருட்டுக் கேஸ்ல ஜெயிலுக்குப் போனவன்."

ஒரு துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினான். இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் திட்டவில்லை.

"எடுத்து வச்சிருந்தீங்கன்னா, நன்றிதானே சொல்லியிருப்பேன்," என்றாள்.



அன்றே அவனுக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்தா போயிருப்பாய் என்று கேட்டேன்.

"சைக்கிள்காரர் வந்து கேட்டப்பவும் வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன்," என்றான்.

முப்பது நாளும் ஏறாத படி இல்லை. எந்த இடத்திலும் ஏன் வேலை போனது என்று கேட்டார்கள், அவன் ஒன்று விடாமல் சொன்னான். பொய் சொல்லித் தொலையேன் என்று அழுதுகூடப் பார்த்தேன்.

கடைசி நாள் காலையில் கத்தரிக்கோலோடு வந்து, போட்டுக்கொள்ள எடுத்து வைத்திருந்த பேண்டை நீட்டினான்.

"பிரிச்சு விடு."

"எதுக்குண்ணே இப்போ?"

"இனிமே யாருக்குக் காட்டணும்?"

நானே சிரித்துக்கொண்டு போட்ட தையல்தான். பிரிக்கும்போது துணியையும் கொஞ்சம் கிழித்துவிட்டேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குக் கிளம்பினான். பஸ் நிற்கும் முனை வரைக்கும், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்து போனான்.