கடற்கரையில் தோண்டிய ஊற்று

பாண்டிச்சேரி போய்வந்த மகளின் துணிமணிகளை உதறியபோது, பேரனின் டவுசர் பையிலிருந்து மணல் கொட்டியது. புத்தூர் வீட்டுக்குள் உப்பு வாசனை ஏறியது. அந்த வாசனையில் நான் வேளாங்கண்ணிக் கடற்கரைச் சிறுமியாகிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் இருந்தோம். அங்கே அப்பா அம்மாவிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு கோடை விடுமுறையில்தான் அம்மாவையும் என்னையும் மட்டும் வேளாங்கண்ணிக்குக் கடல் பார்க்க அழைத்துப்போனார்.

கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து, தாகம் என்று நான் அழுதேன். அம்மா சட்டென்று மண்டியிட்டு மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். வற்றிய காவிரியில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்தவள் அவள்.

"என்ன பண்ற? இது கடலு" என்றார் அப்பா, சுற்றிலும் பார்த்தபடி.

"மணலுதானேங்க? தண்ணி வரும்."

வந்தது. அள்ளிக் குடித்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினாள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டிப் பாப்பமா?"

அலை ஒன்று வந்து குழியை மூடி இருவரையும் நனைத்தது. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தாகமே மறந்துபோனது. கடல் என்றால் எனக்கு இன்றும் கும்பிடத் தோன்றும்.

மகள் ரிசார்ட் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரூமிலிருந்தே கடல் தெரியுமாம், நீச்சல்குளமும் உண்டாம். லேப்டாப்பை விட்டு நிமிராத அவள் கணவரை நினைத்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை அங்க சிரிச்சாராடி?"

அவள் முகம் மெல்லச் சிவந்தது.

"அலை வந்து எங்க ரெண்டு பேரையும் தள்ளிவிட்டுச்சும்மா. அப்படிச் சிரிச்சாரு."