நெசவாளி சிலையைப் படம் எடுத்தவர்

எஸ்தர் அத்தை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலமான செய்தியைத் தம்பி மதுரையில் இருந்த எனக்கு டிரங்க்கால் போட்டுச் சொன்னான். "அப்பாட்ட யாரு சொல்ல?" என்று கேட்டான்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. எழுபதுகளில் சங்கரன்கோவில் தபாலாபீசில் எழுத்தராக இருந்தார், எங்களோடு வசித்தார். சொந்தச் சம்பளத்தில் காமிரா வாங்கிய பெண் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். ஞாயிறு மாலை குடும்பமாகப் பூங்காவுக்கு நடப்போம். அங்கே சிமெண்டில் செய்த மான்கள், குடம் சாய்க்கும் பெண், தறியில் குனிந்திருக்கும் நெசவாளி. எங்களைச் சிலைகளோடு நிறுத்தி எடுப்பார் என்று நானும் தம்பியும் தலைசீவிக்கொண்டு போவோம். அத்தையோ எங்களை விரட்டிவிட்டுப் புல்லில் மண்டியிட்டு, நெசவாளியின் முதுகில் வெயில் சரியக் காத்திருப்பார்.

"ஏட்டி, மனுசங்க நிக்கோம், நீ சிலைய எடுக்கியே!" என்று அப்பா சிரிப்பார்.

"சிலை அசையாதுல்லா அண்ணே!"

படச்சுருளைக் கழுவித் தந்தவர் அப்பாவின் நண்பரான ஸ்டுடியோக்காரர். அடுத்த பொங்கலுக்கு ஊரில் நடந்த கண்காட்சியில் அந்த நெசவாளி படம் பெரிதாக மாட்டியிருந்தது. முதல் பரிசு. கீழே ஸ்டுடியோக்காரர் பெயர். அத்தை அங்கேயே கேட்டார். "நான் எடுத்ததும்மா," என்றார் அவர், கூசாமல். அத்தை அப்பா பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்களும் பக்கத்துலதான நின்னிய? சொல்லுங்க."

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு நெனவில்லட்டி," என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கல்யாணமாவாத பிள்ள பேரு ஊர்வாயில விழணுமா?" என்று வீட்டில் அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்கும். மாற்றல் வாங்கித் திருநெல்வேலிக்குப் போனவர் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார். படம் எடுப்பதை விடவில்லை. சங்கரன்கோவிலுக்கு வருவதைத்தான் விட்டார்.

சென்ற மாதம் அவர் கட்டிலருகே இருந்தேன். "களவாண்டவன்மேல உள்ள கோவம் என்னிக்கோ போயிட்டு," என்றார். "அண்ணன் நெசமாவே மறந்திருந்தா அதுவும் போயிருக்கும். மறக்கலட்டி. அதான் ஆறல."

சொந்த ஊரிலேயே அடக்கம் செய்தோம். ஜெபம் முடிந்ததும் அப்பா போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி விம்மினார்: "அந்த நெசவாளி படம் என் தங்கச்சி எடுத்தது ஐயா. நான் பக்கத்துல நின்னேன்."

ஒரு வார்த்தைக்காக அத்தை அவர் முகத்தைப் பார்த்து நின்றபோது வராதது, பெட்டியை ஆணியடித்து மூடிய பிறகு வந்தது. சுற்றி நின்றவர்கள் அவரைத் தேற்றினார்கள். மண் அள்ளிப்போடக் குனிந்தவர் தாங்கலுக்கு என் பக்கம் கை நீட்டினார். நான் குழியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

அத்தை, உங்களுக்காக அழுதேன். அவரோடு சேர்ந்து அழ முடியவில்லை. போய் வாருங்கள்.